கொயினாத் தண்ணீரில் விழுந்த உப்பு

புதுக்கடை குமாரதாஸ் வாத்தியாருக்கு அறிவியல் என்றால் பித்து. 1954-இல் மார்த்தாண்டத்துக்குப் பெண் பார்க்கப் போனார். காப்பியைக் குடித்துவிட்டு வரவேண்டியதுதானே? "மலேரியாக் காய்ச்சலுக்குக் குடுக்க கொயினா மாத்திரைய தண்ணியில கலக்கி வெயில்ல வச்சா நீலமா ஒளிரும் மாமா" என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டார்.

பெண்ணின் அப்பா நாராயணபெருமாள் தேங்காய் வியாபாரி. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். "ஞாயிற்றுக்கிழமை வாறேன், காட்டும். ஒளிர்ந்தா ஓமனா ஒமக்கு. இல்லேண்ணா புளுகனுக்குப் பொண்ணு கெடையாது" என்றார். வாத்தியாருக்கோ வயது முப்பத்தாறு. ஓமனாவை ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. கூட வேலைபார்க்கும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

ஞாயிறன்று கண்ணாடிச் சாடியில் கொயினாவைக் கரைத்து, கந்தக ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, முற்றத்து வெயிலில் வைத்தார். அடேயப்பா, என்ன நீலம்! மனிதர் குதித்தார். சட்டை மாற்ற உள்ளே போனார். நான் விருந்தாளியை எதிர்கொள்ளத் தெருவுக்குப் போனேன்.

அதற்குள் அடுத்த வீட்டுத் தாணம்மாள் வந்துவிட்டாள். கேட்காமல் உதவுவதில் அவளை அடிக்க ஆளில்லை. மாப்பிள்ளைக்குக் கண்ணேறு படக்கூடாதென்று, கை நிறையக் கல்லுப்பை அள்ளி, உள்ளே போய் அவர் தலையைச் சுற்றினாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்கவேண்டும், அதுதான் முறை. கிணற்றடிவரை நடக்கச் சோம்பல். முற்றத்துச் சாடியில் போட்டு, அகப்பையால் நன்றாகக் கலக்கியும் விட்டாள்.

நாராயணபெருமாள் வந்து குனிந்து பார்த்தார். வெறும் தண்ணீர்.

"மைனி! இதுல என்னத்தப் போட்டிய?" என்று அலறினார் வாத்தியார்.

"உப்பு மக்கா. ஒனக்க நல்லதுக்குத்தான்" என்றாள் தாணம்மாள்.

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, கொயினாக்க அணுவெல்லாம் வெயில குடிச்சு துள்ளிட்டு நிக்கும். சும்மா விட்டா, அந்தத் துள்ளல வெளிச்சமா விட்டுட்டு அடங்கும். உப்பு பக்கத்துல வந்து இடிச்சா, வெளிச்சம் விடதுக்கு முன்னயே அடங்கிரும். தப்பு கொயினா மேல இல்ல, அயலத்து ஆளு மேல!"

"வேற மாத்திரை உண்டா?" என்றார் நாராயணபெருமாள். புதிதாகக் கலக்கியது, நீலமாக ஒளிர்ந்தது. அவரே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். அணைந்தது.

"நீரு சொன்னது உள்ளதுதான். பொண்ணு ஒமக்குத்தான். ஆனா இந்த அயல் ஆகாது. எனக்க அடுத்த வீடு சும்மா கெடக்கு, கல்யாணம் கழிஞ்சு அங்க வந்து இரியும்."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அடுத்த மாதம் பார்க்கப் போயிருந்தேன். கண் மின்ன, "வானவில்லு இருக்குல்லா..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். அடுத்த வீட்டிலிருந்து மாமனார் ஒருமுறை இருமினார். பாவி மனிதர், கண்ணின் மினுக்கம் அணைய, பாதியில் நிறுத்திவிட்டு எனக்குக் காப்பி எடுத்துவரப் போனார்.