‘புட்’ என்றால் வைப்பது மட்டுமா?

லண்டனில் அண்ணைக்கு அன்று இதய ஆபரேஷன். சுன்னாகத்தில் இருந்த எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. மத்தியானம் அண்ணையின் மகள் அழைத்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் கொஞ்சம்தான் வரும்.

“மாமி, தே ஹாவ் புட் அப்பா அண்டர்.”

‘புட்’ என்றால் வைப்பது, ‘அண்டர்’ என்றால் கீழே. மண்ணுக்குக் கீழேயா? “ஐயோ, என்ரை அண்ணை!” என்று குழறிவிட்டேன்.

அவள் பதறிப்போனாள். “இல்லை மாமி! அப்பா நித்திரை! மயக்க ஊசி போட்டவை!”

எனக்கு மூச்சு வந்தது. மாலையில் மறுபடியும் அழைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றாள். ஆறுதலாக இருந்தபோது, “உந்தப் ‘புட்’டுக்கு வேறை என்னவெல்லாம் கருத்து, பிள்ளை?” என்று கேட்டேன்.

‘புட் அவுட்’ என்றால் நெருப்பை அணைப்பதாம். ‘புட் ஓஃப்’ என்றால் தள்ளிப்போடுவதாம். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வதாம்.

“தமிழிலையும் அப்பிடித்தானே மாமி? ஊசி போடுறது, சட்டை போடுறது, சண்டை போடுறது. எல்லாத்துக்கும் ஒரே ‘போடு’!”

இத்தனை காலமும் அதை நான் யோசித்ததே இல்லை. இருவரும் சிரித்தோம்.

அதுவரை என் ஆங்கிலத்துக்குப் பயந்து, “சாப்பிட்டியோ?” என்று கேட்டதும் போனை அண்ணையிடம் கொடுக்கச் சொல்லிவிடுவேன். இப்போது புரியாத சொல் ஒன்று கண்ணில் பட்டால், அதைக் கேட்பதற்காகவே அவளை அழைக்கிறேன்.