அக்கா தந்த அரை டப்பாக் களிம்பு

அந்தக் களிம்பில் பன்னீர் வாசம் அடித்தது. மூடியைத் திறந்தால் அடுப்புப் புகையையும் மீறி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறை "காம்பரா" முழுக்கப் பரவும்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மார்கழி, தை வந்தால் பிள்ளைகளின் கன்னம் வெடிக்கும். "பனி வெடிப்பு" என்போம். தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். என் கன்னங்களில் மட்டும் ஆறிய இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்து நின்றது, பள்ளிக்கூடத்தில் "அடுப்புக்கரி" என்று பட்டப்பெயரும் கிடைத்தது. "தானா போயிரும், சும்மா சும்மா கண்ணாடியப் பாக்காத" என்பாள் அம்மா, கொழுந்து பறிக்க ஓடும் அவசரத்தில்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்த என் அக்கா, சித்திரை வருஷப் பிறப்புக்கு முகம் நிறையப் பவுடரோடு வந்திறங்கி, பெயர்ச்சீட்டு இல்லாத சின்ன டப்பா ஒன்றை என் கையில் வைத்தாள். பாதி காலியாக இருந்தது. "ஒனக்காகத்தான் மிச்சம் வச்சேன்டி. பூசு, ஒரு மாசத்துல ஒன்னைய எனக்கே அடையாளம் தெரியாது" என்றாள். அக்கா சொன்னால் எனக்கு வேதவாக்கு.

மூன்றே வாரத்தில் முகம் வெளுத்தது. டீச்சர்கூட என்ன பூசுகிறாய் என்று விசாரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டப்பா தீர்ந்து பத்து நாள் ஆவதற்குள் கன்னம் எரிந்து சிவந்தது, பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கறுத்தது.

நுவரெலியாவில் தோல் டாக்டரம்மா காலி டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீரொயிட் கலந்திருப்பாங்க. மொதல்ல வெளுக்கும், தோலு மெலிசாயிரும், நிப்பாட்டினா இப்பிடித் திருப்பியடிக்கும்" என்றார். மலையில் நாங்கள் எல்லோரும் செய்யும் தப்பையும் சொன்னார்: "குளிருதுன்னா வெயில் இல்லன்னு நெனைக்காதீங்க, மூட்டத்துலயும் கறுக்கும். நான் குடுக்குற வெயில் களிம்பு பூசாம வெளிய போகாதம்மா. தெளிய மாசக்கணக்கா ஆகும்."

தீபாவளிக்கு அக்கா வந்தாள். லயத்துப் பெண்கள் சேர்ந்து குளிக்கும், ஊற்றுத் தண்ணீர் விழும் "பீலி"க்கு அவள் மட்டும் ஆளில்லாத நேரம் பார்த்துத் தனியாகப் போனாள். மறந்துவிட்டுப் போன துவாயைக் கொடுக்கப் போன நான், பவுடர் கழுவிய அவள் முகத்தைப் பார்த்தேன். என்னுடையதைவிட மோசமாகக் கறுத்திருந்தது.

"இது எப்பக்கா வந்துச்சு?"

"தை மாசமே வந்துருச்சு."

எனக்கு அவள் டப்பாவைத் தந்தது சித்திரையில்.

"அப்பறம் ஏங்க்கா எனக்குக் குடுத்த?"

"ஆசையா வாங்குனதுடி, தூக்கிப் போட மனசு வரல. ஒனக்கு ஒத்துக்கும்னு நெனச்சேன்."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெரியாமல் தந்திருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

இப்போது கல்யாணமாகித் தலவாக்கலையில் இருக்கிறேன். என் கன்னம் இரண்டு வருஷத்தில் தெளிந்துவிட்டது. அந்தப் பீலி வற்றிப்போய், லயத்து வாசலுக்கே குழாய் வந்துவிட்டது. போன பொங்கலுக்கு அக்கா என் மகளுக்கு ஒரு சோப்பு வாங்கி வந்தாள். பிள்ளையின் கையிலிருந்து அதை வாங்கி, அக்காவின் கண்ணெதிரிலேயே உறையில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் வாசித்தேன்.

"என் மேல நம்பிக்கை இல்லையாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தேத்தண்ணி போட எழுந்து போனேன்.