தண்ணீர்க் கப்பல் தொடரும் இசக்கியின் கேள்வியும்

1. பயிற்சி அறை

இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்கான வயரிங் தயாரிக்கும் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். அஞ்சல்வழியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம். ஆங்கிலத்தில் வரும் பாதுகாப்பு விதிகளையும் நோட்டீஸ்களையும் தமிழாக்குவது என் பணி. சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தபோது, மனிதவளப் பிரிவின் துணை மேலாளர் ஜெகன் சார் என் மேசையில் ஒரு பெட்டி சிடிக்களை வைத்தார்.

“ஒகாவா சான் குடுத்தாரு. ஜப்பான் கார்ட்டூன். சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சதும் லைன் கேர்ள்ஸுக்குப் போட்டுக் காட்டணுமாம், டீம் ஒர்க் வருமாம். கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். நீ நின்னு தமிழ்ல சொல்லிடு. கடைசில ஸ்ட்ராங் பாயின்ட், வீக் பாயின்ட் போட்டு ஒரு ரிப்போர்ட். சப்ளையர் ஆடிட்டுக்குப் போடுவோம்ல, அந்த ஃபார்மட்.”

ஒகாவா எங்கள் ஜப்பானிய ஆலோசகர்; ‘சான்’ என்பது அவர்கள் ஊர் ‘சார்’. அவர் சிறுவயதில் பார்த்த விண்வெளி அனிமே தொடர் அது. பன்னிரண்டு பாகங்கள். போரிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கோள்களில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீர் ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலின் கதை. சனிக்கிழமைக்கு இரண்டு பாகம் என்று, கம்பெனி பஸ் புறப்படும்வரை ஓட்டினோம்.

மழை பொய்த்த ஆண்டு அது. முதல் பாகத்திலேயே பிள்ளைப்பாக்கம் தேவகி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இன்னா டீச்சர் இது, எங்க தெரு தண்ணி லாரி ஆகாசத்துல போவுது! இதுவாச்சும் சொன்ன நாள்ல வருமா?”

“வந்தா மட்டும்? கொடத்த யாரு மொதல்ல வெக்கிறதுன்னு அங்கயும் அட்ச்சிக்கினுதான் கெடக்குறாங்க,” என்றாள் பக்கத்திலிருந்தவள். அறை முழுதும் சிரித்தது.

இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, வாடகை அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தவள். வலக்கையின் இரண்டு விரல்களில் கட்டு இருந்தது. வயர் முனையில் டெர்மினல் என்னும் உலோக இணைப்பைப் பதிக்கும் சிறு பிரஸ்ஸில் விரல்கள் நசுங்கியிருந்தன. விசாரணை முடியும்வரை ஸ்டோரில் லேபிள் ஒட்டும் வேலை. அதற்குப் பிறகு வேலை உண்டா என்பது அவளுக்குத் தெரியாது.

2. குறிப்பேட்டிலிருந்து

தொடரின் நிறைகளை நான் மனமாரத்தான் எழுதினேன். அதில் தொலைவு உண்மையாக இருந்தது. கப்பலில் ஒருத்தி வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் பதினொரு மாதம் கழித்து வந்தது. அதற்குள் கேட்டவள் தன் கேள்வியையே மறந்திருந்தாள். கப்பலுக்கு வெளியே எது வெடித்தாலும் ஓசை இல்லை. அந்த நேரங்களில் எங்கள் அறையின் மின்விசிறி மட்டும் கேட்கும். எதிரிக் கோளின் துறைமுகத் தொழிலாளர்கள், குழாயைக் கழற்றும்போது ஒரு சொட்டும் சிந்தாமல் கையால் ஏந்தினார்கள். அவர்களை அதற்குப் பிறகு எதிரிகள் என்று நினைக்க முடியவில்லை. இறந்தவர் எவரும் பின்னொரு பாகத்தில் உயிரோடு திரும்பவில்லை.

குறைகளை எனக்கு முன்பே லைனில் வேலை செய்பவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு பாகத்தில் பிளந்த கப்பல் அடுத்த பாகத்தில் முழுதாக வந்தது. “யாரு ஒட்ட வெச்சாங்க? அவுங்களுக்கு மெயின்டனன்ஸ் ஷிஃப்டே கிடையாதா?” என்றாள் தேவகி. எந்தச் சச்சரவும் கேப்டன் ஓர் உரை நிகழ்த்தியதும் தீர்ந்தது. பெயர் உள்ளவர்கள் அனைவரும் மேல்தளத்தில் இருந்தார்கள். என்ஜின் அறையில் இருந்தவர்களுக்குச் சீருடை மட்டும் இருந்தது. இப்படி ஏழு குறைகள் சேர்ந்தன.

3. ஒன்பதாம் பாகம்

என்ஜின் அளவுமீறிச் சூடானால் தானாகவே அதை நிறுத்திவிடும் ஒரு பூட்டு அந்தக் கப்பலில் உண்டு. ஒன்பதாம் பாகத்தில், குறித்த நாளில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்தப் பூட்டை எடுத்துவிடும்படி கேப்டன் கட்டளையிடுகிறார். கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறது. என்ஜின் அறைத் தொழிலாளி ஒருவன் வெந்து இறக்கிறான். கேப்டன் அவன் தியாகத்தைப் பற்றி நெடுநேரம் பேசுகிறார். பின்னால் வயலின் ஒலிக்கிறது. பின்வரிசையில் ஒகாவா சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அந்த உரையை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

உரை முடிந்ததும் இசக்கி கேட்டாள்: “யக்கா, பூட்ட எடுக்கச் சொன்னது அந்தக் கேப்டன்தான?”

“ஆமாம்.”

“அத ஒருத்தரும் அவர்ட்ட கேக்க மாட்டாவளா?”

“அடுத்த பாகத்தில் வரலாம்,” என்றேன்.

அடுத்த பாகத்தில் வரவில்லை. மீதி இரண்டிலும் வரவில்லை. அறிக்கையில் அதை எட்டாவது குறையாக எழுதினேன்: கட்டளையிட்டவரைக் கேள்வி கேட்காமல், இறந்தவனைப் புகழ்ந்து கதை நகர்ந்துவிடுகிறது.

ஜெகன் சார் படித்துவிட்டு அந்த வரியில் பேனாவை ஊன்றினார். “கார்ட்டூனுக்கு இவ்ளோ யோசிக்கணுமா? என்கொயரி நடக்குற நேரம். இது எதைப் பத்தின்னு யாருக்கும் புரியாதுன்னு நெனச்சியா? எடுத்துடும்மா. அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் ரின்யூவல் வேற இருக்கு.”

நான் எடுத்துவிட்டேன். ஏழு குறைகளோடு அறிக்கை போயிற்று. நன்றாக இருப்பதாக ஒகாவா சான் சொல்லியனுப்பினார்.

4. படிவம்

அந்தப் பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள். இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தியபடியே வைத்துவிட்டால், ஒரு கை வயரைச் செருக மிச்சமாகும். மணிக்கு ஆகும் எண்ணிக்கை கூடும். லைனில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அறிக்கை போன மறுவாரம், இசக்கியின் விபத்துப் படிவத்தைத் தமிழாக்கிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிவர அனுப்பினார்கள். ஸ்டோரில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று படித்தேன். பட்டன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று இருந்தது. என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.

அவள் இடக்கையில் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை.

“யக்கா, டேப் ஒட்டுனது சூப்பர்வைசருன்னு இதுல இருக்கா?”

“இல்லை.”

“நான் வேண்டாம்னு சொன்னது?”

“அதுவும் இல்லை.”

“கையெழுத்துப் போட்டா வேலை போயிரும். போடாட்டியும் போயிரும்னு கூட இருக்க பிள்ளைய சொல்லுதாவ. போறதுதான் போவுது, நடந்தது இருக்கட்டும். நீங்க எழுதுங்கக்கா. எனக்கு இந்தக் கை ஓடாது.”

படிவத்தின் அடியில் ‘தொழிலாளியின் கூற்று’ என்று ஒரு காலியிடம் உண்டு. வழக்கமாக அதில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். அன்று அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நான்கு வரி வந்தது. அவள் அதன் கீழ் இடக்கையால் கோணலாகத் தன் பெயரை எழுதினாள். எழுதியவர் என்று என் பெயரையும் சேர்த்தேன். ஒரு பிரதி எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

ஜெகன் சார் சத்தம் போடவில்லை. “உன்னைப் படிச்சுதானே காட்டச் சொன்னோம்,” என்றார். மாத முடிவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

பிரதி இசக்கியின் கையில் இருந்தது; அதோடு தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய்விடுவாள் என்று அவளை வெளியே அனுப்பத் துணியவில்லை. முடிந்த வயரிங்கைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்ஷனுக்கு மாற்றினார்கள். பிரஸ்களிலிருந்து டேப்பைப் பிரித்தார்கள் என்று தேவகி சொன்னாள். எத்தனை நாளுக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. இசக்கியின் விரல்கள் நேராகவில்லை.

இது போன்ற வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிறர் கையெழுத்துக்காக ஒரு தாளைப் படித்துக்காட்டும்போது, எழுதியிருப்பதைப் பிழையின்றிப் படித்தால் மட்டும் போதாது. படித்து முடித்ததும் ‘இதில் இல்லாதது ஏதாவது உண்டா’ என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்வரை பேனாவைக் கொடுக்கக் கூடாது. அன்று நான் கேட்கவில்லை. பேனாவைத்தான் முதலில் நீட்டினேன்.