முப்பத்தோராவது தாள்

நீளவாக்கில் இரண்டு தட்டு, அகலவாக்கில் ஒரு தட்டு. எந்தக் காகிதக் கட்டு கைக்கு வந்தாலும் அதை மேசைமேல் நிறுத்தி இப்படித் தட்டிய பிறகுதான் ஜெராக்ஸ் அக்கா அடுத்த வேலையைப் பார்ப்பார். அது யாருடைய காகிதம் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. முதல் பருவத் தேர்வு முடிந்த அன்று கண்காணிப்பாளர் விடைத்தாள்களைக் கோணல்மாணலாக அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கப் பொறுக்காமல், "ஒரு நிமிஷம் சார், குடுங்க" என்று வாங்கித் தட்டிக் கொடுத்தார். தேர்வு எழுத வந்தவரிடமே விடைத்தாள் கட்டைக் கொடுத்துவிட்டோமே என்று கண்காணிப்பாளருக்குப் பிறகுதான் உறைத்தது.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. சட்டமும் வணிக நிர்வாகமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பில் முதலாண்டு மாணவி. கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் நகலகத்தில் பதினாறு வருடமாக வேலை. காலை எட்டு முதல் ஒரு மணி வரை வகுப்பில் கடைசிக்கு முந்தின பெஞ்ச், ஒன்றரை மணிக்குச் சாலையைக் கடந்தால் கடையில் இயந்திரத்தின் முன்னால். காலையில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள் மதியம் கவுன்ட்டரில் நின்று, "அக்கா, எனக்கு முதல்ல" என்பார்கள். "கிளாஸ்ல தூங்குனவங்களுக்கெல்லாம் கடைசியிலதான்" என்பார் அக்கா. சொல்லிக்கொண்டே முதலில் போட்டும் கொடுத்துவிடுவார்.

நிர்வாகவியல் வகுப்பில் அவர் ஒரு சின்னப் பிரபலம். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்று பேராசிரியர் பலகை முழுக்க அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தபோது அக்கா கை தூக்கினார். எழுந்து நிற்காமல், குனிந்த தலையோடு, நோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வரிசை நீளமா இருந்தா பரவாயில்ல சார். முன்னாடி நிக்கிற ஒருத்தர் எந்தப் பக்கம் வேணும்னு அங்க நின்னுட்டுத் தேடுனாருன்னாதான் எல்லாருக்கும் எரிச்சல் வரும். அவரை மட்டும் ஓரமா நிக்க வெச்சுட்டாப் போதும்." பேராசிரியர் இரண்டு அம்புக்குறிகளை அழித்துவிட்டு அதைப் பலகையில் எழுதினார். வகுப்பு கைதட்டியது. அக்கா அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

சேர்ந்த கதையும் சுவாரசியமானதுதான். படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது கடை முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். முதல் வருடத்தை ஒரு பாடமும் தவறாமல் தாண்டினால் மீதி நான்கு வருடமும் காலையில் கடைக்கு வர வேண்டாம். ஒன்று போனாலும் பழையபடி எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். அக்கா சரி என்றார். இரண்டாவது வாரம் ஒப்பந்தச் சட்ட வகுப்பில் முன்மொழிவு, ஏற்பு, கைம்மாறு எல்லாம் நடந்ததும் நேராகக் கடைக்கு வந்து, மை சரியாகப் பிடிக்காத ஒரு தாளின் பின்பக்கத்தில் அந்தப் பேச்சை மூன்று வரியாக எழுதி முதலாளியிடம் கையெழுத்துக் கேட்டார். "என்கிட்டயே சட்டம் பேசுறியாம்மா" என்று முதலாளி முனகினாலும் கையெழுத்துப் போட்டார். போட்டதற்கு ஒரு நகல் எடுத்து அவரிடமே கொடுத்தார் அக்கா.

வீட்டில் மகள் பத்தாம் வகுப்பு. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மாலையில் சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகளும் எதிரெதிரே புத்தகத்தை விரித்தால், நடுவில் தட்டு வைக்க இடமில்லாமல் அவர் மடியில் வைத்துச் சாப்பிடுவார். புலம்பல்தான், ஆனால் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட வரும் பெற்றோர் அத்தனை பேரிடமும், "எங்க வீட்டுல ரெண்டு பேரு படிக்கிறாங்க" என்று சொல்லாமல் விட்டதில்லை.

இவ்வளவு இருந்தும் ஒரே ஒரு விஷயம் அக்காவுக்குக் கைகூடவில்லை: நின்று பேசுவது. பதினாறு வருடம் கண்ணாடித் தட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர். எதிரில் நிற்பவரின் கை தெரியும், கையிலிருக்கும் காகிதம் தெரியும், முகம் பார்த்துப் பேசியதில்லை. ஒப்பந்தச் சட்டப் பாடத்துக்கான மாதிரி நீதிமன்றத்திலோ நீதிபதியின் முகத்தைப் பார்த்து வாதாட வேண்டும். முதல் சுற்றில் அக்கா எழுந்தார், உதட்டை அசைத்தார், உட்கார்ந்தார். இருபதுக்குப் பூஜ்யம். எழுத்துத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணோடு இரண்டாவது சுற்றில் குறைந்தது பத்து சேர்ந்தால்தான் ஒப்பந்தச் சட்டம் தேறும். மற்ற பாடமெல்லாம் கரையேறியிருக்க, இது ஒன்றுதான் கழுத்துக்குக் கத்தி.

வீட்டில் ஒத்திகை நடந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கணவர் நீதிபதியாக உட்கார்ந்தார். "அம்மா, அப்பா கண்ணைப் பாத்துப் பேசு" என்று மகள் அதட்ட, அக்கா அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினார். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த நீதிபதி, "சரி, உன் பக்கந்தான் நியாயம். சாப்பாட்டைப் போடு" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்தார்.

ஒப்பந்தச் சட்ட ஆசிரியை அக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பத்து வருடத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, இரட்டைப் பின்னலோடு இந்தக் கவுன்ட்டரில் நின்றவர். இன்று அக்கா அவரை "மேடம்" என்பார். அவர் வாய் தவறி "அக்கா" என்பார். அதை இருவருமே கண்டுகொள்ளாதது போல நடந்துகொள்வார்கள். ஆசிரியைக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. ஒவ்வொரு வருடமும் முன்மொழிவைத் திரும்பப் பெறுவது பற்றிக் கேட்டால் மட்டும் மொத்த வகுப்பும் முழிக்கிறது. வகுப்பில் அவர் சொல்லத்தான் செய்கிறார். சொல்லும்போது யார் எழுதுகிறார்கள்? அதுதான் நோட்ஸ் இருக்கிறதே.

அந்த நோட்ஸ் ஒரு தனிக் கதை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியது. ஒப்பந்தச் சட்டம் முழுவதும் எழுபத்திரண்டு தாளில் அடங்கிவிடும். அவர் கல்லூரியை விட்டுப் போகிற வாரத்தில், பின்னால் வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்று நகலெடுக்கக் கொடுத்தார். எடுத்த நகல் கடையிலேயே ஒரு நீலக் கோப்பில் தங்கிவிட்டது. அதிலிருந்துதான் ஒவ்வொரு வருடமும் முதலாண்டுப் பிள்ளைகள் நகல் எடுத்துப் படிக்கிறார்கள். பக்க எண் கிடையாது. எழுபத்தொரு தாள் இருக்கிறது.

எழுபத்தொன்றுதான். ஒன்று குறைவது உலகத்தில் அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். அன்று இயந்திரம் ஒரு தாளை உள்ளே இழுத்துச் சிக்கவைத்துக்கொண்டது. கடை நிறையக் கூட்டம், முதலாளி முறைக்கிறார், மாணவருக்கு ரயிலுக்கு நேரமாகிறது. மீதியைத் தட்டி அடுக்கிக் கையில் கொடுத்துவிட்டார் அக்கா. இரண்டு வாரம் கழித்து மெக்கானிக் உருளையைக் கழற்றியபோது, அப்பளமாக நொறுங்கிக்கிடந்த தாள் வெளியே வந்தது. முப்பது நகல் முடிந்த நேரத்தில் சிக்கிய முப்பத்தோராவது தாள். வீட்டுக்கு எடுத்துப்போய்த் தலையணைக்கு அடியில் வைத்து நீவி எடுத்தார். கோப்பில் சேர்த்துவிட நினைத்துத்தான் நீவினார், நீவும்போது படித்துவிட்டார். ஒருவர் சொன்ன சொல்லை எப்போது திரும்பப் பெறலாம், எப்போது முடியாது என்று ஒரே தாளில் இருந்தது. அவ்வளவு நாளும் அவர் கையால் லட்சம் தாள் போயிருக்கும்; ஒன்றையும் படித்ததில்லை. இதை முழுசாகப் படித்தார், புரிந்தது, மறுநாளும் படித்தார். பிறகு திருப்பி வைக்க மனம் வரவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டார். படிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததே அந்தத் தாளிலிருந்துதான். அதனால் அது தன்னுடையது என்று ஒரு பிடிவாதம். தப்பு என்று தெரியும். கூடவே வெட்கமாகவும் இருந்தது.

இரண்டாவது சுற்று நடந்த காலை, வழக்கு இதுதான். ஒரு பேக்கரிக்காரர் தன் பழைய அடுப்பை விற்பதாக ஒருவருக்குக் கடிதம் போடுகிறார். மறுநாள் மனம் மாறி, விற்கவில்லை என்று இன்னொரு கடிதம். அது போய்ச் சேர்வதற்குள் வாங்குகிறவர் சரி என்று பதில் அனுப்பிவிட்டார். ஒப்பந்தம் உண்டா இல்லையா? அக்காவும் அவருடைய கூட்டாளிப் பெண்ணும் வாங்குகிறவர் பக்கம். கூட்டாளிக்கு வகுப்பில் வாயாடி என்று பெயர். பெயருக்குக் குறை வைக்காமல், பேக்கரிக்காரரை நம்பிக்கைத் துரோகி என்று ஐந்து நிமிடம் வறுத்தெடுத்தாள்.

நீதிபதியாக உட்கார்ந்திருந்த ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "திரும்பப் பெற்றது எந்த நிமிஷத்துலேர்ந்து செல்லும்?"

வாயாடி வாயை மூடினாள். எதிர்த்தரப்பும் முழித்தது. உடனே மண்டபம் முழுக்கக் காகிதம் புரளும் சத்தம் எழுந்தது. பார்வையாளர் வரிசையில் இருந்தவர்கள்கூட நோட்ஸைப் புரட்டினார்கள். அக்காவுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. கையில் இருப்பதைத் தேடுகிறவர்கள் நிதானமாகப் புரட்டுவார்கள். இது இல்லாததைத் தேடுகிற சத்தம். ஐம்பத்தொன்பது பிள்ளைகள் தன் பைக்குள் இருக்கும் தாளைத் தேடுகிறார்கள் என்று நினைத்ததும் அவருக்குக் காதுமடல் சுட்டது. பத்து மதிப்பெண், முதலாளியின் கையெழுத்து, எட்டு மணி ஷட்டர் எல்லாம் அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. எழுந்து நின்றார்.

பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். தாளை உருவி மேசைமேல் நிறுத்தினார். ஒரே ஒரு தாள்தான். இருந்தாலும் நீளவாக்கில் இரண்டு தட்டு, அகலவாக்கில் ஒரு தட்டு. யாரோ சிரித்தார்கள். அக்கா பேசத் தொடங்கினார். முதல் இரண்டு வரி தாளைப் பார்த்து வந்தது. பன்னிரண்டு வருடம் படித்த தாளுக்குப் பார்வை எதற்கு? மூன்றாவது வரியில் தலை தானாக நிமிர்ந்தது. பேக்கரிக்காரர் மனம் மாறியது அவர் வீட்டுக்குள்ளே நடந்த விஷயம்; அந்தச் சேதி எதிராளியின் கைக்கு வந்து சேர்ந்தால்தான் அது செல்லும்; சேர்வதற்குள் ஏற்புக் கடிதம் கிளம்பிவிட்டது; ஆகவே ஒப்பந்தம் உண்டு என்று ஆசிரியையின் முகத்தைப் பார்த்து, திக்காமல் திணறாமல் சொல்லி முடித்தார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். அக்கா உட்காரவில்லை.

"இந்தத் தாள் இங்க யார்கிட்டயும் இருக்காது மேடம். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி மெஷின்ல சிக்கிடுச்சு. சிக்க வெச்சதும் நான்தான், கிடைச்சப்புறம் குடுக்காம வெச்சுக்கிட்டதும் நான்தான். அதனாலதான் வருஷா வருஷம் எல்லாரும் இந்த இடத்துல முழிக்கிறாங்க."

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். கணக்குப் போடுவது போல மேலே பார்த்தார். "அப்ப ஃபர்ஸ்ட் இயர்ல எனக்குப் போச்சே எட்டு மார்க்கு..."

"அதுவும் என்னாலதான் மேடம்."

முதலில் சிரித்தது ஆசிரியைதான். அடக்கப் பார்த்து முடியாமல் நீதிபதி இருக்கையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வகுப்பே கலகலத்துப்போனது. வாயாடி அக்காவைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் அடங்கியதும் ஆசிரியை தீர்ப்பு எழுதினார்: இருபதுக்குப் பதினெட்டு. அந்த இரண்டு எங்கே போனது என்று வாயாடி சண்டைக்குப் போக, "அது அந்தத் தாளை ஒளிச்சு வெச்சதுக்கு" என்றார். அக்கா அதை முறைப்படி ஏற்றுக்கொண்டார்.

ஒன்றரை மணிக்குக் கடையில் என்றுமில்லாத வரிசை. மொத்த வகுப்பும் நின்றது. கடைசியில், இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஆசிரியையும் நின்றார். "அக்கா, எனக்கும் ஒண்ணு" என்று இந்தத் தடவை வாய் தவறாமலேயே சொன்னார். அக்கா அறுபது நகல் போட்டார். ஒருவரிடமும் எதுவும் வாங்கவில்லை. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கல்லாவுக்குள்ளிருந்து மை பிடிக்காத அந்தத் தாளின் நகலைத் தேடி எடுத்து, மூன்று வரியையும் ஒருமுறை படித்துவிட்டு, "நாளையிலேர்ந்து ஷட்டரை நானே தூக்கித் தொலைக்கிறேன்" என்றார். இந்த வருடம் முழுக்க அவர்தான் தூக்கிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. அக்கா கண்ணாடித் தட்டிலிருந்து தாளை எடுத்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து நீலக் கோப்பை இறக்கினார். கட்டைவிரலால் முப்பது வரை எண்ணி, அந்த இடத்தில் தாளை வைத்துக் கட்டை மேசைமேல் நிறுத்தினார். நீளவாக்கில் இரண்டு தட்டு, அகலவாக்கில் ஒரு தட்டு. நசுங்கிய மூலை மட்டும் உள்ளே போகாமல் துருத்திக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை. அந்த மூலையை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, அப்படியே கோப்பை மூடினார்.