வளருமே என்று வாங்கிய பூனைப் பெட்டி

மீனும் கிளித் தீனியும் விற்ற வரையில் என் கடைக்கு ஒரு கௌரவம் இருந்தது. பூனை வெளிக்குப் போகப் பெட்டி விற்க ஆரம்பித்ததும் காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடை வைத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக கஷ்டஜீவிகளே, பிள்ளையார்பாளையத்துத் தம்பதி ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மீதி உங்களுக்கே தெரியும்.

வளர்ற பிள்ளை

சேகர் பட்டு நெசவாளர். அவர் மனைவி செல்வி, தெருவோரம் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருந்தாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். தாழ்வான விளிம்பு வைத்த சின்னத் தட்டு போதும், தானே ஏறி இறங்கும் என்றேன். சேகர் அலமாரி உச்சியில் கூரையும் கதவுமாக உட்கார்ந்திருந்த பெட்டியைக் கை காட்டினார். குட்டிக்கு வாசல் எட்டாதே என்றேன். பள்ளிக்கூடச் சட்டை எடுக்க வந்த அப்பா மாதிரி சொன்னார்: "வளர்ற புள்ளமா அது. அடுத்த வருசம் நீயா வேற வாங்கித் தருவ?"

பினாயில்

அடுத்த வாரம் செல்வி வந்தாள். வாசல் எட்டாத குட்டி வேறு இடம் பார்த்துக்கொண்டதாம். நெய்பவர் காலை விட்டு மிதிக்க, தறிக்குக் கீழே ஒரு குழி இருக்கும். அவர்கள் வீட்டுக் குழியின் அடியில் மெத்தென்று மண். காலையில் சேகர் குழிக்குள் காலை வைத்ததுமே விஷயம் வெளிவந்துவிட்டது. பெட்டி சுத்தமில்லாததுதான் காரணம் என்று முடிவுகட்டி, பினாயில் ஊற்றிக் கழுவி, பக்கத்தில் ஊதுவத்தியும் ஏற்றினாராம். அதற்கப்புறம் குட்டி அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

பினாயில் பூனைக்கு விஷம் என்று கத்தினேன். சின்னத் தட்டை நீட்டினேன். புருஷன் திட்டுவார் என்று வாங்க மறுத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு வாட்டி குழியில போச்சுன்னா ஊரு தாண்டி மாகறல்ல வுட்டுட்டு வந்துடுவேன்னு சொல்லிக்கினு இருக்காருக்கா. அதுக்கு இன்னும் பால் நக்கவே சரியா தெரியல."

புத்தம் புதுசு

இரண்டு நாள் கழித்து சேகரே பெட்டியோடு வந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டார். பினாயில் நெடியில் என் கடைக் கிளிகளே முகத்தைத் திருப்பிக்கொண்டன. முடியாது, சின்னத் தட்டில் அந்தக் குழி மண்ணையே ஒரு பிடி போட்டு வையுங்கள் என்றேன். காதில் வாங்கினால்தானே! "ஒரு நாள் கூட அது உள்ள போகலமா, புதுசாவே இருக்குது. இதுக்குக் கூடவா பணம் தர மாட்ட?"

மாகறல் பயணம்

மறுநாள் குட்டி மறுபடி குழிக்குப் போனது. சேகர் அதைப் பெட்டிக்குள் போட்டு, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு மாகறலுக்குக் கிளம்பிவிட்டார். வாங்கியதிலிருந்து அந்தப் பெட்டி உபயோகப்பட்டது அன்றுதான். செல்வி போனில் அழுதாள். நான் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மதியம் அவர் ஸ்கூட்டர் என் கடை வாசலில் வந்து நின்றது. பெட்டிக்குள் குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சேகர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அங்க ஒரே நாய்ங்கமா. எறக்கி வுட்டா என் சட்டையப் புடிச்சிக்கினு தொங்குது. அந்தச் சின்னத் தட்ட எடு. நீயா குடுத்து அனுப்புனன்னு அவகிட்ட சொல்லு."

தட்டில் குழி மண் போட்டு வைத்ததும் குட்டி சமர்த்தாகப் பழகிவிட்டது. இப்போது பூனைப் பெட்டி வாங்க வருகிறவர்களிடம் என் கடை வாசலிலேயே நின்று, "சின்னதா வாங்குங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன், இந்த அம்மாதான் பெருசைத் தலையில கட்டிட்டாங்க" என்று சேகர் பாடம் எடுக்கிறார், நான் பில் போடுகிறேன்.