சேர்த்துச் சொன்ன பெயர்

உடையார்பாளையத்தை அடுத்த முந்திரிக்கொல்லையில் தன் கணவன் முத்துவேலை வைரக்கண்ணு வெட்டிக் கொன்றதை மலர்கொடி தன் கண்ணால் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லைத் தகராறில் பங்காளி ஓங்கிய அரிவாள் அது. 1999ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை.

காவல் நிலையத்துக்கு அவளை அழைத்துச் சென்ற சின்ன மாமனார் அங்கமுத்து படியேறும்போதே சொன்னார்.

“அண்ணங்காரன் சாமிக்கண்ணு பேரையும் சேத்துடு தாயி. அவன வெளிய வுட்டா வக்கீல் வச்சுத் தம்பிய மீட்டுக்கிட்டு வந்துடுவான்.”

அந்தப் பக்கத்தில் யாரும் ஒற்றைப் பெயரோடு புகார் கொடுப்பதில்லை. மலர்கொடியும் கொடுக்கவில்லை. சாமிக்கண்ணு பின்னாலிருந்து கைகளைப் பிடித்துக்கொள்ள, வைரக்கண்ணு வெட்டினான் என்று சொன்னாள். சகோதரர் இருவரையும் வேனில் ஏற்றியபோது அவள் வயிறு குளிர்ந்தது. அந்தக் கோடையில் அவர்கள் கொல்லை முந்திரி பொறுக்க ஆளில்லாமல் உதிர்ந்து கிடந்தது. அதை நின்று பார்த்துவிட்டுத்தான் தன் கொல்லைக்குப் போவாள்.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் இருவரும் ஜாமீனில் வந்திருந்தார்கள். அரசு வழக்கறிஞர் காசிநாதன் பெரம்பலூர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவளைத் தனியே நிறுத்தினார்.

“சாமிக்கண்ணு அன்னிக்கு சிறுவாச்சூர்க் கோயில்ல மாவிளக்கு போட்டிருக்கான். உங்க ஊர்ல பாதிப் பேர் கூடப் போயிருக்காங்க. அவன் கொல்லையில இல்லன்னா, இல்லன்னு உள்ள சொல்லிடும்மா. தம்பிய நான் விடமாட்டேன்.”

“எல்லைக் கல்லப் புடுங்கி நட்டவனே அவன்தான் சார். அவனும் உள்ள கெடக்கட்டும்.”

“ரெண்டு பேரையும் புடிச்சா ரெண்டு பேரும் போயிடுவாங்க.”

அவள் கூண்டில் ஏறினாள். வைரக்கண்ணு தலை குனிந்து நின்றான். சாமிக்கண்ணு நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இவன்தான் கையப் புடிச்சான்” என்றாள்.

ஊர்க்காரர்கள் வந்து, சாமிக்கண்ணு அன்று தங்களோடு கோயிலில் இருந்ததைச் சாட்சி சொல்லிப் போனார்கள். பார்த்த ஒரே சாட்சி ஒருவன் விஷயத்தில் பொய் சொல்லியிருக்கிறாள். வேறு ஆதாரமும் இல்லை. அவள் சொல்லை மட்டும் நம்பி மற்றவனைத் தண்டிக்க இயலாது. சந்தேகத்தின் பலனை அளித்து இருவரையும் விடுதலை செய்வதாகத் தீர்ப்பாயிற்று.

“அப்பீல் போவோம் சார். இந்தத் தடவ ஒருத்தன் பேர மட்டும் சொல்றேன்.”

காசிநாதன் வழக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “அங்க உன்னக் கூப்பிட்டுக் கேக்கமாட்டாங்கம்மா. இங்க சொன்னத வச்சுத்தான் பாப்பாங்க.”

அரியலூர் பஸ்ஸில் அவள் உட்கார்ந்த பிறகு சகோதரர் ஏறினர். வைரக்கண்ணு கண்டக்டரிடம் அவள் காதில் விழும்படி சொன்னான்:

“அண்ணிக்கும் சேத்து டிக்கெட் போடுங்க. என்னக் காப்பாத்துனதே அவங்கதான்.”

மலர்கொடி இறங்கித் திருச்சி பஸ்ஸில் ஏறினாள். அன்றும் வெள்ளிக்கிழமை, திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும் சிறுவாச்சூர்க் கோயில் நடை திறந்திருந்தது. மாவிளக்குக்குப் பச்சரிசி வாங்கி, அது ஊறும்வரை காத்திருந்து, உரலில் கொட்டி உலக்கையை எடுத்தாள்.

“என்ன வேண்டுதல்க்கா?” என்று கேட்டாள், பக்கத்து உரலில் இடித்துக்கொண்டிருந்தவள்.

மலர்கொடியின் கை நிற்கவில்லை. உலக்கை விழும்போதெல்லாம் வைரக்கண்ணு என்றாள். வேறு எந்தப் பெயரையும் சேர்க்கவில்லை.