சீட்டுக்கு அடியில் இரண்டு தட்டு

அந்தக் கை விளங்காமப் போகட்டும்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. மனத்துக்குள்தான் சொன்னேன். இங்கே எழுதுவது அத்தனையும் நடந்தது. சந்தேகப்படுகிறவர்களுக்கு என் அண்ணனின் வலது கை சாட்சி. ஆனால் இந்த நினைப்பிலிருந்து தொடங்காவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

எங்கள் பட்டறையில் நான் வெல்டர், அண்ணன் மெக்கானிக். ஊர் சுற்ற ஆசைப்பட்ட ஒரு தம்பதி சின்ன வேன் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கூரையை உயர்த்தி, பக்கத் தகட்டை அறுத்து ஜன்னல் வைத்து, உள்ளே கட்டில் போடுவது என் வேலை. கூடுகிற எடையை இழுக்க, இருந்த இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை ஏற்றுவது அவன் வேலை. அன்று காலை ஜன்னலை இரண்டு அங்குலம் அகலமாக அறுத்துவிட்டேன். அந்தத் தம்பதியின் முன்னாலேயே அண்ணன் அறைந்தான்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

உதடு கிழிந்தது. ரத்தத்தை விழுங்கிக்கொண்டே அந்தச் சாபத்தை நினைத்தேன்.

மதியம் 3.10. புது இன்ஜினை முதல்முறை ஓட்டிப் பார்க்கும் நேரம். இந்த வகை வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். நான் சீட்டில், சாவியோடு. அண்ணன் வண்டிக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். பட்டறை இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் எங்களுக்குள் ஒரு பழக்கம். ஸ்பேனரால் தகட்டில் இரண்டு தட்டு என்றால் ஸ்டார்ட் செய். ஒரு தட்டு என்றால் நிறுத்து.

காத்திருந்தேன். சீட் சுட்டது. இன்ஜின் இன்னும் ஓடவேயில்லை...

3.14.

டக்... டக்.

சத்தம் கீழிருந்து வரவில்லை. என் தொடைக்கு அடியில், மிக அருகில். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சாவியைத் திருப்பினேன்.

அலறல்.

இன்ஜின் பெல்ட் அவன் விரல்களை உள்ளே இழுத்துவிட்டது. சாவியை அணைத்தேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவியையே உருவினேன். நிற்கவில்லை. எலும்பு நொறுங்குவது சீட் வழியாக என் உடம்பில் ஏறியது. சக்கரத்தோரம் சிவப்பாகத் தெறித்தது...

டக்.

ஒரே தட்டு. இன்ஜின் நின்றது.

குனிந்து பார்த்தேன். ஸ்பேனர் அவனுக்கு எட்டாத தூரத்தில், சுவரோரம் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"வாங்கின அறைக்குப் பழி தீத்துட்டியாடி?"

"தட்டினது கேட்டுச்சு அண்ணி."

"ரெண்டு கையையும் உள்ள வச்சிருந்த மனுஷன் எதால தட்டுவார்? தலையாலயா?"

கேட்டது தட்டல்தானா, காலையில் நான் நினைத்த நினைப்பா என்று எனக்கே விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள், அந்த இன்ஜினை விற்ற பழைய இரும்புக் கடைக்காரர் அண்ணனைப் பார்க்க வந்தார். அது எந்த வண்டியிலிருந்தது என்று கேட்டேன்.

"கவுந்த வேன்மா. டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டார்னு தகடு அறுக்க எங்களைக் கூப்பிட்டாங்க. நாங்க தகட்டை அறுத்து முடிக்கிறவரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தார். ரெண்டு ரெண்டா." குரலைத் தாழ்த்தினார். "திறந்து பாத்தா, ரெண்டு கையும் முழங்கைவரைக்கும் இன்ஜினுக்குள்ள நசுங்கிக் கெடக்கு. உடம்பு வெறச்சுப்போச்சு. செத்து மூணு மணி நேரம் ஆச்சுன்னாங்க..."

இருபதாம் நாள். மூன்று விரல் இல்லாத கையோடு அண்ணன் பட்டறைக்கு வந்தான்.

"வண்டிய முடிச்சுக் குடுக்கணும். ஏறி உக்காரு."

ஏறினேன். அவன் முன்கண்ணாடிக்கு எதிரே நின்றான். கட்டுப்போட்ட கையும் மற்ற கையும் மார்பில்.

3.14.

டக்... டக்.

சீட்டுக்கு அடியில்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அதான் தட்டிட்டேன்ல. திருப்பு."

கைகள் மார்பை விட்டு அசையவே இல்லை.

சாவியை உருவினேன்.

"மாட்டேண்ணே."

இந்த முறை வாய்விட்டுத்தான் சொன்னேன். மெதுவாக.